ஐரோப்பாவிற் காணத்தக்கன எவை?

எமது கல்லூரியின் யூபிலியை யொட்டிப் பழைய மாணவர் சிலர் ஐரோப்பியச் சுற்றுலா ஒன்றுக்கு ஒழுங்கு செய்து வருதலை இம்மலரின் வாசகர் பலர் அறிவர். பாரிசிலும் சூரிச்சிலும் வதிகின்ற அன்பர்கள் இங்கிருந்து செல்வோரைத் தம் இல்லங்களில் ஏற்று உபசரிக்க முன்வந்தமை பெரிதும் பாராட்டத்தக்கது. சென்ற மாதம் அவர்கள் அனுப்பிய பட்டியலொன்று ஆசிரியர் அறையிற் பலர் கைமாறி ஈற்றில் என்னிடமும் வந்து சேர்ந்தது. பன்னிரண்டு நாள், ஏழு நாடு, 'கட்டாயம் காணவேண்டியவை' என்னுந் தலைப்பின்கீழ் முப்பத்தொன்பது இடங்கள். பட்டியலைத் தயாரித்தவருள் இருவர் என்னிடந் தமிழ் கற்றவர். ஆதலின் என் கை தன்னையறியாமலே சிவப்பு மையைத் தேடிற்று.

செல்லவிருப்போர் யாரென எண்ணிப் பார்த்தேன். பெரும்பாலார் ஓய்வு பெற்றவர். பணிக்கொடையில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கியவர். சிலருக்கு முழங்கால் நோவு. சிலருக்கு இரத்த அழுத்தம். 'மீண்டும் ஒருமுறை போகப் போவதில்லை. ஆகவே யாவற்றையுங் காட்டிவிடுவோம்' என்பது பட்டியலாரின் வாதம். மீண்டும் போகப் போவதில்லையாதலின் சிலவற்றையாவது அமைந்து காண விடுங்கள் என்பது அடியேன் வேண்டுகோள்.

இதனைப் பட்டறிந்தே கூறுகின்றேன். 2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையிற் பாரிசில் வதியும் என் தமக்கையார் அழைக்க, அங்கு சென்றேன். சென்ற மூன்றாம் நாளே சுற்றுலா நிறுவனமொன்றின் பஸ்ஸில் எட்டு நாளில் ஆறு நாடு காணப் புறப்பட்டேன். காலை ஆறு மணிக்குப் பெட்டியைக் கட்டுதல், நாள் முழுதும் வண்டியில் உறங்குதல், இறங்கிய இடத்திற் படமெடுத்தல், கழிப்பறையைத் தேடுதல் — இவையே என் ஐரோப்பிய அனுபவமாயின. திரும்பி வந்ததும், "தம்பி, என்னென்ன பார்த்தாய்?" என்று அக்கா வினவினார். ஊர்ப் பெயர்களை ஒப்புவித்தேன். "அங்கே என்ன இருந்தது?" என்றார். பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைக் கண்டு விழிக்கும் மாணவனது நிலை எனக்கு அன்று நன்கு விளங்கிற்று.

ஓர் உதாரணஞ் சொல்வேன். சுவிற்சர்லாந்திலே லூசேர்ண் நகரில், செங்குத்தான பாறையொன்றைக் குடைந்து, இறக்குந் தறுவாயிற் கிடக்கும் சிங்கமொன்றைச் செதுக்கியிருக்கின்றனர். 1821இல் முடிந்த வேலை. எமக்கு அங்கு நாற்பது நிமிடம் தரப்பட்டது. அதிற் பாதி சொக்கலேற் கடையிற் கழிந்தது. பாரிசில் துயிலரி அரண்மனையைக் காத்து நின்று 1792 ஓகஸ்ட் 10ஆந் திகதி மடிந்த சுவிஸ் காவற்படையினரின் நினைவுச் சின்னம் அதுவென்பதைப் பின்னர் நூலொன்றிலே படித்தறிந்தேன். அரண்மனை 1871இல் எரிந்தொழிந்தது. அதன் பூங்கா இன்றும் உளது. சிங்கத்தைக் காண்பதற்கு நான்கு நாள் முன்புதான் அதே பூங்காவிலிருந்து ஐஸ்கிறீம் சுவைத்தேன்! அதே பஸ் சில நாட் கழித்து உரோமாபுரிக்குச் சென்றபோது, வத்திக்கான் வாயிலிற் பலநிறச் சீருடை தரித்து நின்றோரும் சுவிஸ் காவலரே. இம்மூன்றையுந் தொடுத்துக் கூற ஒருவரும் எம்முடன் இருந்திலர். மூன்று நாட்டில் மூன்று படம் எடுத்தேன், அவ்வளவே.

ஆகவே, ஒன்றைக் கண்டால் மற்றொன்று விளங்குமாறு தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே என் கொள்கை. பாரிசின் லூவர் நூதனசாலையை எடுத்துக்கொள்வோம். 2024இல் மட்டும் ஏறத்தாழ 87 இலட்சம் பேர் அங்கு சென்றனர். அவருட் பெரும்பாலார் தேடிச் செல்வது மோனா லிசாவை. அவ்வோவியத்தின் உயரம் 77 சென்ரிமீற்றர், அகலம் 53. நான் சென்ற அன்று, உயர்த்திப் பிடித்த கைத்தொலைபேசிகளுக்கிடையே அம்மையாரின் நெற்றியை மாத்திரமே கண்டேன். ஆயின் கூட்டத்தார் அனைவரும் முதுகு காட்டி நின்ற எதிர்ச் சுவரில், ஏறக்குறைய பத்து மீற்றர் அகலத்தில் வேறோர் ஓவியந் தொங்கிற்று. வெரோனேசே என்னும் ஓவியர் 1563இல் வெனிஸ் நகரத் துறவிகளின் உணவு மண்டபத்துக்கென வரைந்த கானாவூர்க் கலியாணம் அது. மணவிருந்து, நூற்றுக்கு மேற்பட்ட முகங்கள், வாத்தியகாரர், பரிமாறுவோர், நாய், பூனை எல்லாம் உள. எங்களூர்க் கலியாணப் பந்தியைக் கண்ட எவருக்கும் அது அந்நியமாகத் தோன்றாது. அதன்முன் தனியே நிற்க எனக்கு இடங் கிடைத்தது. 1797இல் நெப்போலியனின் படையினர் அதனைக் கவர்ந்து சென்றனர், திரும்பவில்லை. 2007இல் அதே அளவினதாகிய பிரதியொன்றை ஆக்கி, வெனிசில் அம்மண்டபத்துப் பழைய சுவரிலே பொருத்தினர். நானோ வெனிசில் அம்மடம் அமைந்த தீவை நீருக்கு இப்பால் நின்று பார்த்தவண்ணம் ஒரு மணிநேரம் கண்ணாடி மணிகளுக்கு விலை பேசினேன். மூலத்தைப் பாரிசிலும் அதன் வெற்றிடத்தை நிரப்பிய பிரதியை வெனிசிலும் காண்பவருக்கு, ஐரோப்பியரின் கலையும் அவர்தம் கொள்ளையும் ஒருங்கே புலப்படும்.

கொள்ளை என்றதும் பட்டியலின் ஒரு பிழையைச் சுட்டவேண்டியுளது. அம்ஸ்ரர்டாமில் 'கண்டிப் பீரங்கி' என்று எழுதியிருக்கின்றார்கள். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிற் சூறையாடிய அப்பீரங்கி இப்போது அங்கில்லை. 2023 டிசம்பரில் வேறு ஐந்து பொருள்களுடன் அது இலங்கைக்கு மீண்டு, கொழும்பு நூதனசாலையை அடைந்தது. அதனைக் காண விழைவோர் கொழும்பு புகையிரதத்துக்குச் சீட்டெடுத்தல் போதும். மேலும், லூவரைச் செவ்வாய்க்கிழமைக்கு வைத்திருக்கின்றார்கள். செவ்வாயில் அது பூட்டியிருக்கும். பாரிசிலேயே வதிவோர் இதனைக் கவனியாது விட்டமை வியப்பே; ஊரிலிருப்பவன் உள்ளூர்க் கோயிலின் பூசை நேரத்தை மறத்தல் போலும்!

நீக்கத்தக்கன சில. பிரசெல்சில் தெருமூலையிற் சிறுநீர் கழிக்குஞ் சிறுவன் சிலைக்காக ஒரு நகரத்துக்குச் செல்லுதல் வீண்; அங்குள்ளதும் பிரதியே. யுங்பிரௌயொக் புகையிரத நிலையம் 3,454 மீற்றர் உயரத்தில் உளது. எமது பீதுருதாலகாலையோ 2,524 மீற்றரே. இதய நோயினர் அங்கு ஏறுமுன் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். கட்டணமும் மிகப் பெரிது. சூரிச்சிலிருந்து எளிதிற் சென்று காணத்தக்க இரைன் நீர்வீழ்ச்சி, 150 மீற்றர் அகலத்தில் இரைந்து விழுகின்றது. மூச்சு வாங்காமற் காணலாம். ஈபிள் கோபுரத்தை நீக்குமாறு நான் சொல்லேன். அதன் கீழ் நின்று படமெடுத்து வீட்டுக்கு அனுப்பாதவர் பாரிசுக்குப் போனதாக ஊரில் ஒருவரும் நம்பார். யானும் எடுத்தேன்.

உரோமாபுரியிற் பந்தியன் என்னுங் கட்டடத்தை எவரும் விடலாகாது. ஏறக்குறைய 126ஆம் ஆண்டில் முடிந்தது. தேவர் பலருக்கும் உரிய கோயிலாயிருந்து 609இற் கிறித்தவ ஆலயமாயிற்று. உட்புறக் குவிமாடத்தின் விட்டம் 43 மீற்றருக்குச் சற்று மேல். தரையிலிருந்து உச்சிவரையுள்ள உயரமும் அதுவே. இரும்புக் கம்பியின்றிக் கொங்கிறீற்றால் ஆயது. உச்சியிலே வட்டமான திறப்பு. எமக்கு இருபது நிமிடமே ஒதுக்கியிருந்தனர். ஆயினும் இடியுடன் மழை தொடங்கிற்று; பஸ் வரத் தாமதமாயிற்று; உள்ளேயே ஒரு மணிநேரம் அடைபட்டோம். உச்சித் திறப்பினூடு மழை வெண்தூணென இறங்கித் தரையிலுள்ள சிறு துளைகளால் வடிந்து போவதைக் கண்டேன். அவ்வெட்டு நாளில் யான் மெய்யாகக் கண்டது அவ்வொன்றே. அதுவும் திட்டத்தில் இல்லாதது. அன்று கட்டணமில்லை, 2023 முதல் அறவிடுகின்றனர்.

சுற்றுலா முடிந்தபின் எஞ்சிய நாளில், மருமகனை அழைத்துக்கொண்டு புகையிரதத்தில் இரண்டிடத்துக்குச் சென்றேன். ஒன்று பெல்சியத்து அன்ற்வேர்ப் நகரிலுள்ள பிளாந்தின் அச்சகம். 1555இல் தொடங்கிய தொழில். 1877 முதல் நூதனசாலை. உலகிலே எஞ்சியுள்ள மிகப் பழைய அச்சியந்திரங்கள் இரண்டு அங்கு நிற்கின்றன. எழுத்துப் பெட்டிகளும், அச்சுப்பிழை திருத்துவோருக்கென யன்னலோரம் இட்ட பெரிய மரமேசையும் அவ்வாறே உள. இம்மலரின் அச்சுப்பிழைகளை ஆண்டுதோறுந் திருத்தும் எனக்கு அம்மேசையை விட்டு அகல மனம் வரவில்லை. "மாமா, இங்கே என்ன இருக்கிறது?" என்று மருமகன் இருமுறை கேட்டான். இது என் தனிப்பற்று, பிறர்மேற் சுமத்தேன்.

மற்றையது கொலோன் பேராலயம். 1248இல் அத்திவாரமிட்டனர், பதினாறாம் நூற்றாண்டில் வேலை நின்றது, முடியாத கோபுரத்தின்மேற் பாரந்தூக்கி ஒன்று நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே நின்றது. முகப்பின் பழைய வரைபடம் இரு துண்டாய்ச் சிதறி, ஒன்று 1814இல் ஜேர்மனியிலும் மற்றது 1816இற் பாரிசிலும் அகப்பட்டது. அதனைக்கொண்டு 1880இற் கட்டி முடித்தனர். தலைமுறைதோறும் திருப்பணி நிதி சேர்க்கும் எம்மவர் அறியவேண்டிய வரலாறு இது. ஆயினும் என் திருத்திய பட்டியலிற் கொலோனை நானே வெட்டிவிட்டேன்; அதனைச் சேர்ப்பின் இரண்டு நாள் வண்டியிற் போய்விடும்.

என் பட்டியல் வருமாறு: பாரிசில் ஐந்து இரவு, விரும்புவோர் அதிலொரு நாள் அன்ற்வேர்ப் சென்று மீளலாம். சூரிச்சில் மூன்று, லூசேர்ணும் நீர்வீழ்ச்சியும் அதனுள் அடங்கும். வெனிசில் ஒன்று, உரோமாபுரியில் மூன்று. இலண்டனைச் சேர்க்கவில்லை. ஷெங்கன் விசாவில் 29 நாடுகளுக்குச் செல்லலாமாயினும் பிரித்தானியாவுக்குத் தனி விசாவும் தனிக் கட்டணமும் வேண்டும். அங்குள்ள மாணவர்கள் பாரிசுக்கு வந்து எம்மைச் சந்திப்பார்களாக.

விசா விண்ணப்பத்தை எந்த நாட்டில் அதிக நாள் தங்குவோமோ அந்நாட்டுக்கே செய்தல் வேண்டும். ஆகவே பட்டியல் முன்னரே முடிவாதல் அவசியம். செல்லவிருப்போர் ஒவ்வொருவரும் தாம் கட்டாயம் காண விரும்பும் ஓரிடத்தை, ஒன்றே ஒன்றை, ஏன் என்ற காரணத்துடன் எழுதி, அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் சங்கச் செயலாளரிடங் கொடுப்பார்களாக. இரண்டு எழுதுவோரின் தாளைத் திருப்பி அனுப்புமாறு அவரிடம் ஏற்கனவே சொல்லியிருக்கின்றேன்.