விதையிலிருந்து பவழமல்லி

தரையில் விழுந்த மலரை இறைவனுக்குச் சாத்துவதில்லை என்பது நம் பூசை மரபு. அதற்கு விலக்காக நிற்பது பவழமல்லி. அந்தியில் இதழ் விரித்து, கதிரவன் எழுமுன் தானே உதிர்ந்துவிடும் பூ அது, பறிப்பதற்குக் காத்திராது. திருவாரூர் மாவட்டத்துத் திருக்களரில் இதுவே தல விருட்சம். பாரிஜாதம் என்னும் இதன் பெயரால் இறைவனும் பாரிஜாதவனேசுவரர் ஆனார்.

சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் மல்லிகையும் முல்லையும் எடைபோட்டு வாங்கலாம். முற்பகலுக்குள் வாடிவிடும் இதைக் கட்டிச் சுமந்து விற்பவர் யார்? சாத்த விரும்புவோர் தம் கொல்லையில் வளர்த்தாக வேண்டும். முறுக்குக்குப் பெயர்பெற்ற நம் ஆட்டையாம்பட்டியின் வெயில் இதற்குத் தடையன்று. வறண்ட குன்றுச் சரிவுகளில் தானே வளரும் நம் நாட்டுச் செடி இது. வேரடியில் நீர் தேங்குவதே இதற்கு ஆகாது.

பூக்காலம் முடிந்தபின் கிளைகளில் காசுபோல் தட்டையான காய்கள் தொங்கும். அவை பழுப்பேறிக் காய்ந்தபின் பறித்துப் பிளந்தால் இரண்டு அறைகள், அறைக்கு ஒரு விதை. ஓரிரவு நீரில் ஊறவைத்து, செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்த தொட்டியில் அரை விரற்கடை ஆழத்தில் ஊன்றுக. ஆண்டு கடந்த விதையை நம்ப வேண்டா. எல்லாம் முளைப்பதில்லை, ஆகவே பத்துப் பன்னிரண்டாக ஊன்றுவது நலம். முளைவிட வாரங்கள் செல்லும். மாசியில் ஊன்றி நிழலில் காத்த கன்றை, ஆடியில் தரையில் நடலாம்.

பெரும்பாலோர் கைவிடும் கட்டம் அடுத்த கோடையில் வருகிறது. பங்குனி வெயிலில் இலைகள் பழுத்து உதிர, வெறுங்குச்சியே நிற்கும். பட்டுப்போயிற்று என்று பிடுங்கி எறியப்பட்ட கன்றுகள் எத்தனையோ! தண்டை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடி உறங்குகிறது, அவ்வளவே. அளவாக நீர் விட்டு வாருங்கள். மழை இறங்கியதும் துளிர்க்கும்.

எழுபது வயதில் விதை ஊன்றி எப்போது பூக் காண்பது என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நன்கு வேர்கொண்ட கன்று இரண்டு மூன்று ஆண்டுகளில் பூக்கத் தொடங்கிவிடும். அப்போது குனிந்து பொறுக்க இடுப்பு இடங்கொடாதவர்கள், முன்னிரவிலேயே பேரப்பிள்ளைகளைக் கொண்டு செடியடியில் தூய வெள்ளைத் துணி ஒன்றை விரிக்கச் செய்க. விடியலில் அதன் நான்கு முனைகளையும் சேர்த்தெடுத்தால் பூக்குடலை நிறையும்.