குடிசைச் சின்னத்துக்கு விழுந்த ஓட்டு

"ஓட்ட வீணாக்கிறாதீங்க தம்பி, ஜெயிக்கிற ஆளாப் பாத்துப் போடுங்க." தேர்தல் நெருங்கும்போதெல்லாம் டீக்கடை பெஞ்சில் யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்கிறார். அக்கறையோடுதான் சொல்கிறார். 1967 முதல் 2021 வரை நடந்த சட்டமன்றத் தேர்தல்களில் ஆட்சியமைத்த கட்சிகள் இரண்டே. அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு மூன்றாவது பொத்தானை அழுத்துவது காசைக் கிணற்றில் போடுவதாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் புதுக்கோட்டையின் வரலாறு வேறு மாதிரி தொடங்கியது. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. மன்னராட்சியிலிருந்து வந்து நான்கே ஆண்டுகளில் முதல் பொதுத்தேர்தல். நாடு முழுக்கக் காங்கிரஸ் அலை. நாடாளுமன்றத்தில் 364 இடங்கள் அதற்கு. நம் முன்னோர் தேர்ந்தெடுத்ததோ கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் முத்துசாமி வல்லத்தரசுவை. கிருபளானி தொடங்கி ஓராண்டுகூட நிறையாத கட்சி அது. சின்னம் குடிசை. 1962இல் இந்தத் தொகுதி கம்யூனிஸ்ட் ஆர். உமாநாத்தை அனுப்பியது. 1967இல் மார்க்சிஸ்ட் கட்சிக்காரராக மறுபடியும் அவரையே அனுப்பியது, அந்த முறை தி.மு.க. அணியில் நின்றபோது.

அந்தக் கடைசி வரியில்தான் பிறகு நடந்தது எல்லாம் இருக்கிறது. சிறிய கட்சிகள் வெல்வது நிற்கவில்லை. தனியாக வெல்வதுதான் நின்றுபோனது. 2011இல் புதுக்கோட்டை சட்டமன்றத் தொகுதியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எஸ்.பி. முத்துக்குமரன் அ.தி.மு.க. அணியில் வென்றார். அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சாலை விபத்தில் இறந்தார். ஜூன் மாத இடைத்தேர்தலில் அந்த இடம் அவருடைய கட்சிக்குத் திரும்பவில்லை. அ.தி.மு.க.வே நின்றது, 1,01,998 ஓட்டு வாங்கி வென்றது. கூட்டணியில் கிடைத்த இடம் கொடுத்தவருக்கே சொந்தம் என்பது அன்றைக்கு வெளிச்சமாயிற்று. அதே தேர்தலில் தி.மு.க. ஒதுங்கிக்கொள்ள, தே.மு.தி.க. 30,500 ஓட்டு பெற்று இரண்டாவதாக வந்தது. 2021இல் கந்தர்வகோட்டையில் மார்க்சிஸ்ட் கட்சியின் சின்னதுரை வென்றது எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஓட்டில் கட்சியின் சொந்த ஓட்டு எவ்வளவு? கட்சிக்கே தெரிய வழியில்லை.

எதிர்த்தரப்பு வாதம் லேசானதல்ல. அதே 2021இல் திருமயத்தில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே 1,500 ஓட்டுகூட இல்லை. மூன்றாவதாக நின்ற நாம் தமிழர் வாங்கியது அதைப்போலப் பல மடங்கு. நாம் யாரை வரவேண்டாம் என்று நினைக்கிறோமோ அவரே நம் ஓட்டால் வந்துவிடலாம் என்ற பயத்தில் உண்மை இருக்கிறது. சிறுபான்மையினரும் தலித் மக்களும் அந்தப் பயத்தோடு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை.

எங்கள் சண்டை 'வீண்' என்ற சொல்லோடு மட்டும். படிவம் 20 என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பூத்திலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த ஓட்டு அதில் எழுதப்பட்டிருக்கும். தோற்றவர்களின் கணக்கையும் பெரிய கட்சிகள் வரிவரியாகப் படிக்கின்றன. எந்த ஊர் கைவிட்டுப் போகிறது என்று அதில்தான் பார்க்கின்றன. ஓர் இடம்கூட வெல்லாத கட்சியும் மாநிலத்தில் 8 சதவீத ஓட்டு வாங்கினால் அங்கீகாரம் பெறலாம், சின்னம் நிலைக்கும். 2024இல் நாம் தமிழரிடமிருந்து கரும்பு விவசாயி சின்னம் வேறொரு கட்சிக்குப் போனது. நாம் தமிழர் மைக் சின்னத்தில் நின்று 8 சதவீதத்தைத் தாண்டியது. அந்தக் கட்சியின் பேச்சில் பலவற்றை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் தோற்ற ஓட்டுகள் சேர்ந்து ஒரு சின்னத்தை வாங்கித் தந்ததை மறுக்க முடியாது.

நோட்டாவுக்கு இந்தப் பலன் இல்லை. 2008 தொகுதி மறுசீரமைப்பில் புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியே இல்லாமல் போனது. ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நான்காகப் பிய்த்துத் தரப்பட்டன. அந்தக் கோபத்தில், யாருக்கும் ஓட்டில்லை என்று பதியும் 49ஓ போடுவோம் என்ற குரல் இங்கே எழுந்தது. நியாயமான கோபம். 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2024 தேர்தலைப் புறக்கணிப்போம் என்று அந்த மக்கள் அறிவித்தார்கள். அதுவும் நியாயமான கோபம். நம் எல்லோருக்கும் வந்திருக்க வேண்டியது. ஆனால் மறுப்பு ஓட்டு எத்தனை விழுந்தாலும் அடுத்து நிற்பவர் வென்றவராகிவிடுகிறார். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு வந்து பேச ஓர் ஆளோ கொடியோ இருப்பதில்லை.

ஜெகதாப்பட்டினத்துக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2019 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் அனுர குமார திசாநாயக்க வாங்கியது 3.16 சதவீதம். ஐந்தே ஆண்டில் அவர் ஜனாதிபதி. பொருளாதாரம் இடிந்து விழுந்ததும் மக்கள் வீதிக்கு வந்ததும் இடையில் நடந்தவை. அவை இல்லாமல் அந்த வெற்றி இல்லை. ஆனாலும் மக்கள் திரும்பிப் பார்த்தபோது ஏற்கெனவே ஓட்டுச்சீட்டில் இருந்து பழகிய பெயர் ஒன்று அங்கே இருந்தது. அங்கே வாக்காளர் 1, 2, 3 என்று விருப்பத்தை வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் இரண்டாவது விருப்பத்தை எண்ணுவார்கள். 2024இல் முதல்முறையாக எண்ணவும் செய்தார்கள். பிடித்தவருக்கும் போடலாம், வேண்டாதவரையும் தடுக்கலாம். அப்படியொரு முறையை நாமும் கேட்க வேண்டும் என்பது இந்த இதழின் நிலைப்பாடு.

அதுவரை ஒரு வேலை செய்யப்போகிறோம். அடுத்த இதழ் முதல், மாவட்டத்தின் ஆறு தொகுதிகளிலும் மூன்றாம் இடத்துக்கும் அதற்குக் கீழும் வந்தவர்களின் ஓட்டுக்கணக்கைப் பூத் வாரியாக வெளியிடுகிறோம். உங்கள் ஊர் பூத்தில் அந்த ஓட்டைப் போட்டவர் நீங்கள் என்றால், ஏன் போட்டீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டியதில்லை.