ரிட்டர்ன் கிஃப்ட்டாக ஓர் உயிரைக் கொடுக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. "டீச்சர் ரிட்டயர்டு ஆகியும் பாடம் எடுக்கிறதை விடலை" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "ஒரு எலிக்காக சொந்தத் தம்பி மகனையே வேண்டாம்னு சொல்லிட்டாங்க." பெயர் போடவில்லை. ஆனால் அது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இது எங்கள் குடும்பத்தோடு முடிகிற விஷயம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் வீட்டில் நான்கு கினி பிக் இருக்கின்றன. ஆண் இரண்டு ஒரு கூண்டில், பெண் இரண்டு ஒரு கூண்டில். தம்பி மகன் தன் பையனின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு அழைக்க வந்தான். காபி குடித்துக்கொண்டே சொன்னான்: "அத்தை, ரெண்டு கூண்டையும் ஒண்ணாக்கி விடுங்க. ரெண்டு மாசத்துல ஆறு ஏழு குட்டி வந்துடும்ல? நெருங்கின ஃபிரெண்ட்ஸ் பிள்ளைங்களுக்கு ரிட்டர்ன் கிஃப்ட்டா கொடுத்துடலாம். எல்லாரும் பென்சில் பாக்ஸ் கொடுக்கிறாங்க, நம்ம வித்தியாசமா இருக்கும்."

நான் முடியாது என்றேன். சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டான். மறுபடியும் முடியாது என்றேன், இந்த முறை கொஞ்சம் சத்தமாக. பாதி காபியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். சத்தம் போட்டது என் தப்பு. அதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சொன்ன பதிலுக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

2022-ம் வருடம் ஜனவரியில் என் பேத்திக்காக ஒரு ஜோடி வாங்கி வந்தோம். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. லாக்டவுனில் வீட்டிலேயே அடைந்து கிடந்த பிள்ளை, ஏதாவது ஒரு துணை இருக்கட்டும் என்று மகன் ஆசைப்பட்டான். கடைக்காரர் "ரெண்டுமே பொட்டைங்க, குட்டி போடாது. அரிசி, பொட்டுக்கடலை, கேரட் போடுங்க, போதும். ரொம்ப ஈசிங்க" என்றார். பழுப்பு நிறத்துக்குப் பட்டாணி என்றும் கறுப்புக்கு மிளகு என்றும் பேத்தி பெயர் வைத்தாள்.

பட்டாணி ஆண். அது எங்களுக்கு எப்போது தெரிந்தது என்றால், ஏப்ரல் மாதம் ஒரு காலையில் கூண்டில் மூன்று குட்டிகள் ஓடிக்கொண்டிருந்தபோது. ஆமாம், பிறந்த அன்றே ஓடின. இந்தப் பிராணிக்குக் குட்டி பிறக்கும்போதே கண் திறந்திருக்கும், உடம்பு முழுக்க முடி இருக்கும், பல்கூட இருக்கும். வீடே திருவிழா மாதிரி ஆகிவிட்டது. தெருப்பிள்ளைகள் எல்லாம் வந்து பார்த்தார்கள். நானும் போட்டோ எடுத்து இதே பக்கத்தில் போட்டேன். நீங்களும் நிறைய ஹார்ட் போட்டீர்கள்.

மே மாதம் மிளகு நடக்கவில்லை. பின்னங்காலை இழுத்தது. முடி சிலிர்த்துக்கொண்டு மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. தொட்டால் கீச்சென்று கத்தியது. கால் பிசகியிருக்கும் என்று நினைத்து நான்தான் தேங்காய் எண்ணெய் தடவினேன். நான்கு நாள் அப்படியே போனது. ஐந்தாம் நாள் கூடையில் வைத்து மகனோடு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் மகள் வயதுள்ள டாக்டர். வாயைத் திறந்து பார்த்தார், முட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "என்னம்மா சாப்பாடு கொடுக்குறீங்க?" என்றார்.

அரிசி, பொட்டுக்கடலை, கேரட், வெள்ளரிக்காய் என்றேன்.

"புல்லு, கீரை எதுவும் இல்லையா? இதுக்கு விட்டமின் சி சுத்தமா இல்லம்மா. இது ஸ்கர்வி. வயித்துல மறுபடி குட்டி வேற இருக்கு" என்றார்.

ஸ்கர்வி. அந்தச் சொல்லை அவர் எனக்கு விளக்க வேண்டியதே இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து 1985-ல் வேலைக்குச் சேர்ந்து 2018-ல் ஓய்வு பெறும்வரை 33 வருடம் அதைக் கரும்பலகையில் எழுதியவள் நான். வைட்டமின் ஏ, மாலைக்கண். வைட்டமின் சி, ஸ்கர்வி. வைட்டமின் டி, ரிக்கெட்ஸ். என்னிடம் படித்த உங்களில் பலர் அந்தப் பட்டியலை நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பீர்கள். ஈறில் ரத்தம் வரும், மூட்டு வீங்கும், நெல்லிக்காய் சாப்பிட்டால் வராது. இதைச் சொல்லிக் கொடுத்த கைதான் நான்கு நாள் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மிளகு செத்துப்போனது, வயிற்றிலிருந்த குட்டிகளோடு. கொல்லைப்புறத்தில் புதைத்தோம். பேத்தி அழவில்லை. "பாட்டி, நீங்கதானே நெல்லிக்காய் சாப்பிடலைன்னா ஈறுல ரத்தம் வரும்னு எனக்குச் சொன்னீங்க? மிளகுக்கு ஏன் கொடுக்கலை?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். நாய், ஆடு, மாடு, எலி இவை எல்லாம் வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனாலும் குரங்குகளாலும் முடியாது. இந்தச் சின்னப் பிராணியாலும் முடியாது. 1907-ல் நார்வே நாட்டில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிச் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கினி பிக்குகளுக்கு வெறும் தானியமும் ரொட்டியும் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்கர்வி வந்தது. முட்டைக்கோஸ் போன்ற காய்கறி கொடுத்ததும் குணமானது. ஸ்கர்வி உணவுக் குறைவால் வருகிற நோய் என்று விலங்குகளிடம் காட்டிய முதல் சோதனை அது. அதாவது, நான் கரும்பலகையில் எழுதிய அந்த ஒரு வரிக்காக இந்தப் பிராணி ஏற்கெனவே செத்திருக்கிறது. நூறு வருடம் கழித்து அதே சோதனையை நான் என் வீட்டில் தெரியாமல் செய்து முடித்திருக்கிறேன்.

இப்போது தம்பி மகன் கேட்டதற்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு பெண்ணும் மிளகின் குட்டிகள். மூன்று வயது முடிந்துவிட்டது, ஒரு பிரசவமும் ஆகவில்லை. இந்தப் பிராணிக்கு ஏழெட்டு மாதத்துக்குள் முதல் குட்டி போடாவிட்டால் இடுப்பெலும்பு இறுகிவிடும். அதற்குப் பிறகு சினையானால் குட்டி வெளியே வர வழியில்லாமல் தாய் செத்துப்போக வாய்ப்பு மிக அதிகம். போதாததற்கு அந்தப் பக்கத்துக் கூண்டில் இருப்பது அப்பாவும் கூடப் பிறந்தவனும். "ரெண்டு கூண்டையும் ஒண்ணாக்கி விடுங்க" என்பது கேட்க ஒரு சின்ன உதவி மாதிரி இருக்கிறது. செய்தால் அது இரண்டு கொலை.

சரி, குட்டி நல்லபடியாகப் பிறந்தது என்றே வைத்துக்கொள்வோம். பலூன், கேக், பாட்டு எல்லாம் முடிந்து, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் ஆறு வீட்டுக்கு ஆறு குட்டி போகும். கூட்டமாக வாழ்கிற பிராணி அது. சுவிட்சர்லாந்தில் 2008-லிருந்து ஒற்றைக் கினி பிக்கை வளர்ப்பதே சட்டப்படி தப்பு. நாம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, பாட்டுச் சத்தத்துக்கு நடுவில், கேட்காத ஒரு குடும்பத்தின் கையில் கொடுப்போம். அந்த அம்மா பிள்ளை முன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வீட்டுக்குப் போய் என்ன கொடுப்பார்? நான் கொடுத்ததையே கொடுப்பார். அரிசி, பொட்டுக்கடலை, கேரட்.

இதற்கு எதிராக என்னிடம் சொல்லப்பட்ட வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

"குழந்தைகளுக்குப் பொறுப்பு வரும் அத்தை." 33 வருடம் ஆறு வயதுப் பிள்ளைகளோடு இருந்தவள் சொல்கிறேன். அந்த வயதில் சாப்பாட்டு டப்பாவை மறப்பார்கள், செருப்பை மறப்பார்கள், சில நாள் புத்தகப் பையையே மறப்பார்கள். அது குற்றம் இல்லை, வயது. அவர்கள் மறந்தால் பட்டினி கிடக்கும்படி ஓர் உயிரைக் கட்டிவைப்பது எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லாத கற்பித்தல் முறை. பொறுப்பைப் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். என் மகன் தினமும் ஆபீஸ் போகும் முன் கூண்டைச் சுத்தம் செய்வான். இரண்டு வருடம் அதைப் பார்த்த பிறகுதான் பேத்தி தானாகத் துடைப்பத்தை எடுத்தாள். பிள்ளைக்குப் பொறுப்பு வர ஏதாவது வளர்க்க வேண்டுமென்றால் ஒரு துளசித் தொட்டி வையுங்கள். வாடினால் இன்னொன்று நடலாம்.

"நம்ம குடும்பம் ஆடு, கோழி வளர்த்த குடும்பம்தானே?" வளர்த்தோம். ஆனால் ஆடு என்ன தின்னும், எப்போது சினையாகும், வயிறு உப்பினால் என்ன கொடுக்க வேண்டும் என்று என் அப்பாயிக்குத் தெரியும். பிராணியோடு சேர்ந்து அந்த அறிவும் வீட்டில் இருந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக் குளிரிலிருந்து வந்த இந்தப் பிராணியைப் பற்றி நம் வீட்டில் யாருக்கு என்ன தெரியும்? 28 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கும் உயிர் இது. நம் திருச்சியில் மே மாதம் 40 டிகிரி. கரண்ட் போனால் நான் ஈரத்துணி போர்த்திய மண்பானையைக் கூண்டுக்குள் படுக்க வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பேன். ஆறு வீட்டிலும் விசிற ஆள் இருக்கிறதா?

"பெருவில் அதை அடிச்சு சாப்பிடுறாங்க, நீங்க இப்படிச் சொல்றீங்க." உண்மைதான், அங்கே பல ஆயிரம் வருடமாக இறைச்சிக்காகத்தான் வளர்க்கிறார்கள். ஆனால் அந்த வீடுகளில் அதற்குக் குதிரைமசாலும் பச்சைப் புல்லும் போடுகிறார்கள். சாப்பிடுகிறவர்களுக்குத் தெரிந்தது, கொஞ்சுகிற எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

"மனுஷனுக்கே சோறு இல்லாத நாட்டுல..." நான் யாரையும் செலவு செய்யச் சொல்லவில்லை. வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள் என்கிறேன். அதற்கு ஒரு ரூபாய்கூட ஆகாது.

கடைகளுக்கும் ஒரு வார்த்தை. ஆணா பெண்ணா என்று பார்க்கத் தெரியாமல், என்ன தின்னும் என்று சொல்லத் தெரியாமல் உயிரை விற்பது வியாபாரம் இல்லை. செல்லப்பிராணிக் கடைகளுக்கென்று 2018-லேயே மத்திய அரசு விதிகள் போட்டிருக்கிறது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. வாங்கப் போகிறவர்கள் அந்தப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

ஏற்கெனவே வளர்ப்பவர்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கப் புல் இருக்க வேண்டும். அருகம்புல் நல்லது. வைக்கோல் மட்டும் போதாது. பல் வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணி, புல்லை மென்றால்தான் அது தேயும். ஒரு கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். தினமும் குடைமிளகாய்த் துண்டும் கொஞ்சம் கொத்தமல்லித் தழையும் கொடுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். ஆண் குட்டியை மூன்று வாரத்தில் பிரித்துவிடுங்கள். கம்பித் தரை வேண்டாம், பாதம் புண்ணாகும். வீட்டில் மிச்சம் கிடக்கும் அமாக்ஸிசிலின் மாத்திரையைத் தப்பித் தவறியும் கொடுக்காதீர்கள், அது இந்தப் பிராணியின் உயிருக்கே ஆபத்து. மூலையில் உட்கார்ந்தால் என்னைப் போல நான்கு நாள் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

ஆசையாக வளர்ப்பவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் நான்கும் சேர்ந்து வீல் வீல் என்று கத்துவதும், பச்சைப் புல்லைக் கண்டதும் சந்தோஷத்தில் அப்படியே எகிறிக் குதிப்பதும், எங்கள் வீட்டில் டி.வி.யைவிடப் பெரிய பொழுதுபோக்கு. தெரிந்துகொண்டு, யோசித்து, வீட்டில் எல்லோரும் சம்மதித்து வளர்த்தால் மகிழ்ச்சிதான். ஐந்தாறு வருடத்துக்கு மேலும் கூட இருக்கும். அதைப் பலூனோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

தம்பி மகனுக்கு: கோபம் ஆறியதும் வாப்பா. பிறந்தநாள் முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகள் எல்லோரையும் நம் வீட்டுக்கு அழைத்து வா. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கொத்து கொத்தமல்லி கொடுக்கிறேன், ஊட்டிவிட்டுப் போகட்டும். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று என் பேத்தி சொல்லிக் கொடுப்பாள். பஜ்ஜியும் காபியும் என் பொறுப்பு. ரிட்டர்ன் கிஃப்ட்டுக்குப் பென்சில் பாக்ஸே வாங்கு. செலவை அத்தை பார்த்துக்கொள்கிறேன்.

பயன்படும் என்று நினைப்பவர்கள் பகிருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள், மரியாதையோடு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்