ஆபத்து சானலில் அரட்டை வேண்டாம்!

வடசேரி சந்தையிலும் மார்த்தாண்டத்திலும் பையும் கையுமாக நின்று "ஆழ்கடல் மீனா? என்ன விலை?" என்று பேரம் பேசுகிறவர்கள், அந்த மீன் எவ்வளவு தூரத்தில் இருந்து வந்தது என்று கேட்பதில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து விசைப்படகுகள் கடலுக்கு போனால் வாரக்கணக்கில் திரும்புவதில்லை. கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் செல்போன் செத்துவிடும். அதற்கு மேல் பக்கத்து படகோடு பேச ஒரு சின்ன பெட்டிதான் துணை. அதிகாரிகள் அதை வி.எச்.எப். செட் என்கிறார்கள். மீனவர்களுக்கு அது 'வயர்லெஸ்'.

பெட்டி படகில் ஏறிவிட்டது. அதை கையாளும் பயிற்சி இன்னும் சரியாக ஏறவில்லை.

எட்டாத குரல்

2017 நவம்பர் 30-ந்தேதி காலை ஒகி புயல் குமரி கடலில் உருவெடுத்தது. எச்சரிக்கை வரும் முன்பே புறப்பட்டு போன படகுகள் நடுக்கடலில் நின்றன. கரையில் இருந்து கூப்பிட்டாலும் கேட்காத தூரம். டிசம்பர் 7-ந்தேதி குழித்துறை ரெயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து, காணாமல் போனவர்களை தேடித் தாருங்கள் என்று கதறினார்கள்.

செட் இருந்தும் குரல் ஏன் எட்டவில்லை? வி.எச்.எப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. அடிவானத்துக்கு கீழே இறங்கிவிட்ட படகுக்கு அலை போய் சேராது. 4 மீட்டர் உயரத்தில் ஏரியல் கட்டிய இரண்டு படகுகள் சுமார் 9 கடல் மைல் வரை பேசிக்கொள்ளலாம். கிலோமீட்டர் கணக்கில் 16 சொச்சம். கரையில் 50 மீட்டர் கோபுரம் இருந்தால் 20 கடல் மைல் எட்டலாம். ஆகவே ஏரியலை உயரத்தில் கட்டுவதுதான் முதல் வேலை. (அந்த கம்பியில் கைலி காயப்போடுவது வேலை அல்ல!) அதற்கும் அப்பால் உள்ளவர்களுக்கு ஒரு படகு கேட்டு அடுத்த படகுக்கு சொல்வதுதான் வழி. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சேதி நின்றுவிடும்.

கண்ணியை அறுப்பது பல நேரம் கடல் அல்ல, கை.

திருகும் பொத்தானும்

செட்டில் 'ஸ்குவெல்ச்' என்று ஒரு திருகு. இரைச்சலை அடக்குவதற்கு உள்ளது. 'உஸ்' என்ற சத்தம் எரிச்சலாக இருக்கிறதே என்று முழுக்க திருகிவிட்டால், இரைச்சலோடு சேர்ந்து தூரத்து படகின் மெலிந்த குரலும் அடங்கிவிடும். யாரும் கூப்பிடவில்லை என்று நினைத்து படுத்துவிடுவார்கள். முதலில் இரைச்சல் கேட்கும்வரை திறக்க வேண்டும். பிறகு மெதுவாக திருகி, அது நிற்கிற இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும்.

மைக்கில் உள்ள பொத்தானை அமுக்கினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். இது டெலிபோன் அல்ல. அமுக்கிப் பிடித்திருக்கிறவருக்கு எதுவும் கேட்காது. அதே சானலில் அக்கம்பக்கத்தில் வேறு யாரும் பேசவும் முடியாது. வலைக்கு அடியில் மைக் மாட்டி பொத்தான் அமுங்கிக் கிடந்தால் போச்சு! அந்த படகின் எஞ்சின் சத்தத்தை சுற்றியுள்ளவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

சானல் 16 உலகம் முழுவதும் ஆபத்துக்கு ஒதுக்கிய சானல். 156.8 மெகாஹெர்ட்ஸ். அதில் ஒருவரை கூப்பிடலாம். ஆள் கிடைத்ததும் வேறு சானலுக்கு மாறிவிட வேண்டும். மீன் விலையும் ஐஸ் கணக்கும் ஊர் கதையும் 16-ல் பேசுவது, ஆஸ்பத்திரி வாசலை மறித்து லாரியை போட்டுவிட்டு டீ குடிக்க போவது போல. வேறு சானலில் இருக்கும்போதும் 16-க்கு காது கொடுத்திருக்க 'டூயல் வாட்ச்' வசதி பல செட்களில் உண்டு. பக்கத்து படகோடு பேச 1 வாட் போதும். உயிருக்கு ஆபத்து என்றால் 25 வாட்டுக்கு மாற்ற வேண்டும்.

அப்போது 'மேடே' என்று மூன்று தடவை. படகின் பெயர், ஜி.பி.எஸ். காட்டும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். அவ்வளவுதான். மலையையும் சர்ச் கோபுரத்தையும் அடையாளம் வைத்து இடம் சொல்வது கரையோர பழக்கம். ஆழ்கடலில் ஏது மலை?

புதிய செட்களில் மூடி போட்ட சிவப்பு பொத்தான் இருக்கிறது. சில வினாடி அமுக்கிப் பிடித்தால் சானல் 70 வழியாக ஆபத்து சேதி தானாக போகும். ஆனால் அதற்கு படகின் 9 இலக்க எண்ணை செட்டில் பதிந்திருக்க வேண்டும். இந்திய படகுகளுக்கு அது 419-ல் தொடங்கும். ஜி.பி.எஸ். வசதியும் சேர்ந்திருக்க வேண்டும். எண் பதியாத செட்டில் சிவப்பு பொத்தான் வெறும் அலங்காரம்.

காது உண்டு, வாய் இல்லை

ஒகிக்கு பிறகு மத்திய அரசு சும்மா இருந்துவிடவில்லை. 2019-ல் 'ஜெமினி' கருவி வந்தது. செயற்கைகோள் வழியாக புயல் சேதியை படகில் உள்ள செல்போனுக்கு கொடுக்கும். பதில் சொல்ல முடியாது. காது உண்டு, வாய் இல்லை. 2024 ஆகஸ்டு 30-ந்தேதி, 1 லட்சம் படகுகளுக்கு ரூ.364 கோடியில் டிரான்ஸ்பாண்டர் திட்டம் தொடங்கியது. அதில் இரண்டு பக்கமும் குறுஞ்செய்தி அனுப்பலாம். நல்ல காரியம்தான். ஆனாலும் படகு கவிழ்ந்தால் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ஹெலிகாப்டர் அல்ல, பக்கத்து படகு. அதை கூப்பிட வயர்லெஸ்தான் வேண்டும்.

குளச்சல், தேங்காய்பட்டணம், முட்டம் படகுகள் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலத்தில் கட்டிக் கிடக்கின்றன. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வெளியூர் துறைமுகங்களில் தங்கி தொழில் செய்கிறவர்களும் ஊரில் இருக்கும் காலம் அது. மீன்துறை அந்த 61 நாளில் ஒரு அரை நாளை எடுத்துக்கொள்ளட்டும். மேடை வேண்டாம், சால்வை வேண்டாம். படகுக்குள் ஏறி, அவரவர் செட்டையே திருகிக் காட்டி, தமிழில் அச்சடித்த ஒரு அட்டையை பக்கத்தில் ஒட்டிவிட்டு வரட்டும். ஸ்ராங்குக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தால் பற்றாது. அவரே கடலில் விழுந்துவிட்டால் மைக்கை எடுக்க வேண்டியவன் சமையல்கார பையனாக இருக்கலாம்.