சொட்டும் துளை

லூதியானா டிரான்ஸ்போர்ட் நகரில் ஒரு பட்டறை. மூலையில் மூக்கு நீண்ட பழைய லாரி ஒன்று. கிரில்லின் நடுவே மூன்று முனை நட்சத்திரம். அதை வைத்தே வயசைக் கணித்துவிடலாம். ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் சேர்ந்து டாடா 1954-ல் ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. 1969-ல் ஒப்பந்தம் முடிந்தது. நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது. ஆக, இந்த லாரிக்கு எப்படியும் ஐம்பது தாண்டிவிட்டது.

சொந்தக்காரர் எழுபது வயது சர்தார்ஜி. அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. சரக்கு ஏற்றிப் பல வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் வாரம் ஒருமுறை கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். சில வாரங்களுக்கு முன் எஞ்ஜினுக்குக் கீழே துரு நிறத்தில் ஈரம் தெரிந்தது. வாட்டர் பம்ப்பின் அடியில் இருந்த சிறு துளையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தெரிந்த பையன் ஒருவன் பசை வைத்துத் துளையை அடைத்தான். ஈரம் நின்றது. எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த சில வாரங்களில் பம்ப் கத்த ஆரம்பித்தது.

"வாயைப் பொத்திவிட்டால் வலி போய்விடுமா?" என்றார் உஸ்தாத். பம்ப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார்.

எஞ்ஜினில் எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர்தான் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் கொட்டுகிறது. அந்தத் தண்ணீரைச் சுற்றவைப்பது இந்தப் பம்ப். அமைப்பு எளிது. ஒரு ஷாஃப்ட். அதன் முன்னால் பெல்ட் ஓடும் புல்லி. பின்னால் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர். நடுவில் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங். தண்ணீர் பேரிங் பக்கம் வராமல் தடுக்க ஒரு சீல். சீலுக்கும் பேரிங்குக்கும் இடையில் ஒரு துளை. சீல் தேய்ந்தால் கசியும் தண்ணீர் பேரிங்கைத் தொடாமல் அந்தத் துளை வழியே வெளியேறும். நமக்கும் சேதி சொல்லும்.

இந்தத் துளைக்கு ஆங்கிலக் கையேடுகளில் 'வீப் ஹோல்' என்று பெயர். 'அழும் துளை' என்று தமிழில் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். ஆனால் பட்டறையில் நின்று பார்த்தபோது அதைவிடச் சரியான பெயர் தோன்றவில்லை. துளையை அடைத்ததும் தண்ணீர் உள்ளேயே தேங்கிப் பேரிங்குக்குள் புகுந்தது. கிரீஸ் கரைந்தது. உருளைகள் துருப்பிடித்தன. இன்னும் ஓட்டியிருந்தால் ஷாஃப்ட் ஆடி, காற்றாடி போய் ரேடியேட்டரைக் கிழித்திருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடிய எஞ்ஜினில் ஹெட் விரிசல் விட்டிருக்கும்.

"புதுசாகவே வாங்கிப் போட்டுவிடலாமே?" என்று கேட்டேன்.

உஸ்தாத் சிரித்தார். இந்த மாடலுக்குப் புதிய பம்ப் கடையில் கிடைப்பது அபூர்வம். வேறு மாடல் பம்ப்பை மாட்டினால் போல்ட் துளை சேராது. துளை சேர்ந்தால் புல்லி நேர்க்கோட்டில் நிற்காது. பெல்ட் ஒரு பக்கமாகத் தேயும். ஆனால் பம்ப்பில் தேய்வது எது? பேரிங்கும் சீலும்தான். அவற்றை அளவு பார்த்து வாங்கிவிடலாம். கிடைக்காதது வார்ப்பிரும்பு உடல். அது உடையாமல் இருந்தால் பம்ப் பிழைக்கும். அதனால்தான் அவர் சுத்தியலை எடுக்கவே இல்லை. புல்லர் வைத்து புல்லியை இழுத்தார். பிரஸ்ஸில் வைத்து ஷாஃப்ட்டைத் தள்ளினார். அவசரக்காரர்கள் இங்கேதான் தட்டி உடைக்கிறார்கள் என்றார்.

ஷாஃப்ட்டில் சீல் உட்காரும் இடம் பள்ளமாகியிருந்தது. பக்கத்து லேத் பட்டறையில் புது ஷாஃப்ட் கடைந்து வந்தது. உடலில் சீல் பதியும் முகம் துருவில் அரித்திருந்தது. அதையும் லேசாகக் கடைந்து சமப்படுத்தினார்கள். அதைச் செய்யாமல் எத்தனை புது சீல் போட்டாலும் கசியும். இம்பெல்லரை ஏற்றும்போது உஸ்தாத் இடைவெளியை மீண்டும் மீண்டும் அளந்தார். நெருங்கினால் உரசும், விலகினால் தண்ணீரைத் தள்ளாது. கடைசியில் புது கேஸ்கட். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தி அரை அங்குலம் இறங்குகிறதா என்று பார்த்தார். அதிகம் இறுக்கினால் புது பேரிங்கும் சீக்கிரம் போகும்.

ஒரு விஷயம் மனதை உறுத்தியது. 2021-ல் மத்திய அரசு பழமையான வாகனங்களுக்காகத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டி, அசல் வடிவம் மாறாமல், சொந்த உபயோகத்துக்காக இருக்கும் இரு சக்கர வாகனங்களும் கார்களும் 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு பெறலாம். மகாராஜாவின் ரோல்ஸ் ராய்ஸுக்கு அதில் இடம் உண்டு. நாட்டின் கோதுமையையும் சிமெண்ட்டையும் சுமந்த லாரிக்கு இல்லை. அது காயலான் கடைக்குப் போகவேண்டிய இரும்பு மட்டுமே. அப்படிப் போகும்போது லாரியோடு இந்த அளவுகளைக் கையில் வைத்திருக்கும் மனிதர்களும் போய்விடுகிறார்கள். உஸ்தாத்தின் மகன் இந்த வேலைக்கு வரவில்லை. மொபைல் கடை வைத்திருக்கிறான்.

மாலையில் எஞ்ஜின் கிளம்பியது. கத்தல் இல்லை. துளையில் இரண்டு சொட்டு வந்தது. சர்தார்ஜியின் முகம் வாடியது. "புது சீல் படியும்வரை அப்படித்தான். இரண்டு நாள் பாருங்கள். நிற்காவிட்டால் என்னிடம் வாருங்கள், பசையிடம் போகாதீர்கள்" என்றார் உஸ்தாத்.

இரண்டு நாள் கழித்து சர்தார்ஜிக்குப் போன் செய்தேன். தினமும் இரவு லாரிக்கு அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து வைக்கிறாராம். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான்.

"இன்றைய பேப்பரில் என்ன விசேஷம்?" என்றேன்.

"ஒன்றுமில்லை. காய்ந்திருக்கிறது" என்றார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் எனக்குச் செய்தி சொன்னதில்லை.