பொலேரோவை உசத்துறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

எங்க ஊர்ப் பக்கம் எஸ்.யூ.வி.ன்னா நிறைய பேருக்கு முதல்ல ஞாபகம் வர்றது பொலேரோதான். 2000-ல் மஹிந்திரா இறக்கின வண்டி. இன்னிக்கும் தோட்டம் துரவு வெச்சிருக்கிறவங்க வீட்டு வாசல்ல நிக்கும். பின்சக்கரம் ரெண்டு மட்டும் இழுக்குற வண்டி. ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கின உடனே நம்ம சேக்காளிங்க பிளானைப் போட்டுடறாங்க. "மாப்ள, ரெண்டு இஞ்ச் தூக்கணும், பெரிய டயர், முன்னாடி இரும்பு பம்பர், மேல லைட் பார்..."

ஃபோர் வீல் டிரைவ் வாங்கக் காசு பத்தல, இருக்கிறதை அப்படி ஆக்கிடலாம்னு ஒரு ஆசை. ஆசையில தப்பே இல்லை. காசு போற வரிசைதான் தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல, நாம எங்க போகப் போறோம்? கடையநல்லூர்ல இருந்து மேக்கே பார்த்தா மலை தெரியும். அது நமக்கு ஆஃப் ரோடு மைதானம் கிடையாதுங்க. காப்புக்காடு, போதாததுக்கு 2015-ல் அறிவிச்ச நெல்லை வன உயிரின சரணாலயமும் இருக்கு. அனுமதி இல்லாம வண்டியை விட்டா கேஸ்தான். நமக்கு மிச்சம் இருக்கிறது கருப்பாநதி அணைப் பக்கத்துத் தோட்டத்துப் பாதை, மணல் ஓடை, கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போனா கரிசல். ஐப்பசி கார்த்திகை மழையில அந்தப் பாதையில எலுமிச்சை மூட்டையோட வெளிய வரணும். ராத்திரி தோட்டத்துல யாருக்காவது உடம்பு முடியலன்னா மெயின் ரோட்டுக்குக் கொண்டு வரணும். தேவை இதுதான், ஷோ காட்டுறது இல்லை.

சரி, வண்டி ஏன் மாட்டுது? பின்சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் இருக்கு. வளைவுல ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த அதுதான் வழி பண்ணுது. ஆனா ஒரு சக்கரம் சேத்துல வழுக்க ஆரம்பிச்சா, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கும் அதே அளவு சொற்ப விசைதான் போகும். ஒண்ணு சும்மா சுத்தும், இன்னொண்ணு சும்மா நிக்கும். ஆக நம்ம பிரச்சினை உயரத்தை விட பிடிமானத்துலதான் அதிகம்.

இப்ப அந்த ரெண்டு இஞ்ச் லிஃப்டுக்கு வருவோம். சஸ்பென்ஷனைத் தூக்கினா பாடி உயரும், பம்பர் மேட்டுல இடிக்காது. ஒத்துக்கிறேன். ஆனா பொலேரோல பின்னாடி கட்டி ஆக்சில். அதுக்கு நடுவுல தொங்குற டிஃபரன்ஷியல் உருண்டைதான் கல்லுல தட்டும். லிஃப்ட் போட்டா அது ஒரு மில்லிமீட்டர் கூட உயராது! டயர் பெரிசானாதான் உயரும். ரொம்பப் பெரிய டயர் போட்டா கியர் விகிதம் கெட்டுடும். லோ ரேஞ்ச் கியர் இல்லாத வண்டியில மேடு ஏறும்போது கிளட்ச் கருகும். உயரம் கூடினா புவியீர்ப்பு மையமும் கூடும். இதே வண்டியிலதானே வீட்டு ஆளுங்களை ஏத்திக்கிட்டு கொல்லம் ரோட்டுல வேகமா போறோம்? திடீர்னு ஸ்டியரிங்கை ஒடிச்சா என்ன ஆகும்னு யோசிங்க.

என் வரிசை இதுதான்:

1. காத்து. மணல்ல இறங்குறதுக்கு முன்னாடி டயர் காத்தை 18 - 20 பி.எஸ்.ஐ. வரைக்கும் குறைச்சா, தரையில பதியிற நீளம் கூடும், வண்டி புதையாது. செலவு ஒரு பிரஷர் கேஜும், பேட்டரியில ஓடுற சின்ன கம்ப்ரசரும். மெதுவாதான் ஓட்டணும், ரோடு ஏறினதும் திரும்ப அடிச்சுடணும்.

2. டயர். அதே 215/75 ஆர்15 சைஸ்ல ஆல் டெரைன் டயர். நாலுக்கும் சேர்த்து 30,000 ரூபாயை ஒட்டி வரும். கரிசல்ல மட்டும் இதுவும் முழுசா உதவாது. களிமண் பட்டன் இடுக்கெல்லாம் அடைச்சு டயரை வழவழன்னு ஆக்கிடும். அங்க அரை நாள் காயவிட்டுப் போறதுதான் புத்திசாலித்தனம்.

3. இழுக்குற சாமான். நல்ல கயிறு, ஷேக்கிள், மண்வெட்டி. கயிறை சேசிஸோட சேர்ந்த கொக்கியில மட்டும் மாட்டுங்க. டிரெய்லர் மாட்டுற உருண்டையில மாட்டி இழுத்து, அது பிச்சுக்கிட்டுப் பறந்து உலகத்துல பல உயிர் போயிருக்கு.

4. லேத் பட்டறையில ஒரு இரும்புத் தகடு, எஞ்சின் அடியில ஆயில் சம்ப்பைக் காக்க.

இதோட ஒரு ஓசி வித்தை. ஒரு சக்கரம் சும்மா சுத்தினா ஹேண்ட் பிரேக்கை லேசா ரெண்டு கிளிக் இழுத்து மெதுவா ஆக்சிலரேட்டர் கொடுங்க. சுத்துற சக்கரத்துக்கு எதிர்ப்பு வந்து, விசை அடுத்த பக்கமும் போகும். எப்பவும் பலிக்காது, ஆனா பலிக்கும்போது கும்பிடத் தோணும் :-)

பம்பர் விஷயம். 2017 டிசம்பர்லயே மத்திய அரசு இந்த இரும்பு பம்பர்கள் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிடுச்சு. நடந்து போறவங்க மேல பட்டா எமன். 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தப்படி அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரை ஜெயில் கூட உண்டு. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரங்களுக்கு வேற காரணம் தேட வேண்டாம்.

பி.காம். படிக்கிறவன் இது இல்லாம முடிக்க மாட்டான், பொறுத்துக்கோங்க. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி! முதல் 50,000 ரூபாய் வண்டியை நிஜமாவே மாத்துது. அடுத்த ஒரு லட்சம் பார்வையை மட்டும்தான் மாத்துது. அந்த லட்சத்துக்கு வாய்ப்புச் செலவு என்னன்னு பாருங்க. 2021-ல் வந்த பொலேரோ நியோவுல என்10 ஆப்ஷன் மாடலுக்கு டிஃபரன்ஷியல் லாக் கம்பெனியிலேயே வந்துச்சு. வழுக்குற சக்கரத்தை மீறி மத்த சக்கரத்துக்கு விசையை அனுப்புற சமாச்சாரம். இருக்கிற வண்டியை வித்து, மேல இந்தக் காசையும் போட்டு, பழைய நியோவோ பழைய ஃபோர் வீலோ தேடுறது லாபமா நஷ்டமான்னு பேப்பர்ல எழுதிப் பாருங்க.

தூக்குறவங்க கேட்கிறது தோற்றம்னா தாராளமா ஒத்துக்கட்டும். 2023 ஜனவரியில தாரே ரெண்டு சக்கர டிரைவ்ல 9.99 லட்சத்துல இருந்து வந்துச்சு, தோற்றத்துக்கும் விலை உண்டுன்னு கம்பெனிக்கே தெரியும். ஆனா மழை ராத்திரியில தோட்டத்துல இருந்து ஒரு ஆளை வெளிய கொண்டு வர லைட் பார் உதவாது. காத்து குறைச்ச டயரும், டிக்கியில கிடக்குற மண்வெட்டியும் உதவும்.

வரட்டா மக்கா!