வாடகை மென்பொருளில் ஓடும் நகரம்

எத்தனை வருடம் வாடகை கட்டினாலும் வீடு நமதாகாது. இது எங்கள் அம்மா அப்பாவுக்குத் தெரியும். நகரசபைகளுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

சுவிஸில் நான் ஆலோசகராகப் போன ஒரு நகரசபை. எந்தக் காணியில் எத்தனை மாடி கட்டலாம், எந்தத் தெருவுக்குக் கீழே எந்தக் குழாய் போகிறது என்ற தரவெல்லாம் ஒரு தனியார் மென்பொருளுக்குள் இருந்தது. வருடாவருடம் லைசென்ஸ் காசு. கட்டியும், ஒருவர் மூடும்வரை இன்னொருவர் காத்திருக்க வேண்டும். "வேறு வழியில்லை" என்றார்கள்.

இருக்கிறது. கியூஜிஐஎஸ், 2002இல் தொடங்கிய திறந்த மூல வரைபட மென்பொருள். சோலோத்தூர்ன் கன்டோன் அதைப் பல வருடங்களாகப் பாவிக்கிறது. 2024இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, மத்திய அரசு தனக்காக எழுதுவிக்கும் மென்பொருளின் மூலநிரலை வெளியிட வேண்டும். பாதுகாப்போ பிறர் உரிமையோ தடுத்தால் மட்டும் விலக்கு. நகரசபைகள் ஏன் பின்னால் நிற்கின்றன?

திறந்த மூலம் என்றால் செலவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் தரவை மாற்றுவதற்கும் காசு வேண்டும். ஆனால் அந்தக் காசில் செய்த திருத்தம் பக்கத்து ஊருக்கும் உதவும். லைசென்ஸ் காசு வருடத்தோடு கரைந்துவிடும்.

சிறிய ஊர்கள் பலவற்றில் வரவுசெலவுத் திட்டத்தை ஊர்மக்கள் கூட்டம்தான் வாக்களித்து நிறைவேற்றுகிறது. 18 வயதாகி, சுவிஸ் குடியுரிமையும் இருந்தால் போங்கள். ஒரே கேள்வி கேளுங்கள்: நாளைக்கே லைசென்ஸை நிறுத்தினால், எங்கள் ஊரின் தரவு எங்கள் கையில் இருக்குமா?